பூதிகோட்டையில் பிறந்த முகம்

கோலார் தங்கவயல்காரர்களுக்குப் பூதிகோட்டை பக்கத்து ஊர். பங்காருப்பேட்டை வட்டத்தில் குன்றும் ஏரியும் ராகி வயலுமாக இருக்கும் இடம். பூதி என்றால் சாம்பல். நெற்றியில் இடும் திருநீற்றுக்கும் அதே சொல்தான். சாம்பலின் பெயர் சுமந்த இந்தச் சிற்றூரில், 1720-களின் தொடக்கத்தில், ஃபத்தே முகமது என்ற படைத்தலைவரின் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தான். அவன் சிறுவனாக இருக்கும்போதே தந்தை போரில் மடிந்தார். குடும்பம் நொடித்துப் போனது. அந்தப் பிள்ளைதான் 1761-க்குள் மைசூர் அரசின் கடிவாளத்தைக் கையில் பிடித்த ஹைதர் அலி. தேவனஹள்ளியில் பிறந்த அவருடைய மகனுக்கு, ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாகத் திப்பு என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்தத் தந்தையும் மகனும் எப்படி இருப்பார்கள் என்று பார்க்க ஐரோப்பா ஏங்கியது. லண்டன் அச்சகங்கள் படம் போட்டு விற்றன. பாரிஸ் ஓவியர்கள் தூரிகை எடுத்தார்கள். போருக்கு வந்த அதிகாரிகள் பென்சிலோடு வந்தார்கள். இன்று அந்தப் படங்கள் எடின்பரோவில், வேல்ஸின் போவிஸ் கோட்டையில், கல்கத்தாவில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ரசிக்க உட்காருபவர் ஒவ்வொரு படத்தின் முன்னும் ஒரே கேள்வியைக் கேட்டாக வேண்டும்: இதை வரைந்த கைக்குச் சொந்தக்காரர் அந்த முகத்தை எவ்வளவு கிட்டத்தில் பார்த்தார்?

இந்தக் கேள்வியைக் கேட்காததால் வரும் விபத்து நம் கைபேசியிலேயே இருக்கிறது. 'திப்பு சுல்தானின் உண்மையான புகைப்படம்' என்று ஆண்டுதோறும் ஒரு படம் சுற்றி வருகிறது. நரைத்த தாடியும் கறுத்த முகமுமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் சான்சிபாரைச் சேர்ந்த வணிகர், திப்பு திப் என்று அழைக்கப்பட்டவர், 1905இல் இறந்தவர். பெயரின் பாதி ஒத்துப்போனது, அதுவே போதுமானதாகிவிட்டது. நம் திப்பு விழுந்தது 1799 மே 4. புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839. நடுவில் நாற்பது ஆண்டுகள்.

அதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. இளமையான திப்பு என்று புத்தக அட்டைகளில்கூட வரும் அழகிய படம் ஒன்றின் கீழே 'யோஹான் சோஃபனி, 1780' என்று எழுதியிருப்பார்கள். சோஃபனி பெரிய ஓவியர்தான். கல்கத்தாவிலும் லக்னோவிலும் அவர் வரைந்தவை இந்திய வாழ்க்கையின் அரிய சாட்சியங்கள். ஆனால் அவர் இந்தியாவில் காலடி வைத்ததே 1783இல். 1780இல் திப்பு காஞ்சிபுரத்துப் பக்கம் குதிரைமேல் இருந்தார். சோஃபனி ஐரோப்பாவில் இருந்தார். ஆண்டும் பெயரும் ஒன்றோடொன்று பொருந்தாத ஒரு சீட்டை நாம் இத்தனை காலம் நம்பியிருக்கிறோம்.

ஹைதரின் முகத்துக்கு நேர்ந்தது இன்னும் மோசம். அவரை 'மராத்தியரின் படைத்தலைவர்' என்று சொல்லி ஒரு பிரெஞ்சு அச்சுப்படம் வெளிவந்தது. வாழ்நாளின் பெரும்பகுதி மராத்தியரோடு மோதியவருக்குக் கிடைத்த பட்டம் அது. படங்கள் இப்படி இருக்க, அவரைப் பற்றி எழுதிவைத்தவர்கள் ஒரு விசேஷத்தைத் தவறாமல் குறித்திருக்கிறார்கள். ஹைதர் தாடி வைக்கவில்லை, மீசை வைக்கவில்லை. புருவத்தையும் இமை மயிரையும்கூட விட்டுவைக்காமல் நீக்கிவிடுவார். அந்தக் காலத்துப் படைத்தலைவன் ஒருவனுக்கு இது விந்தையான முகம். மழித்த, வழவழப்பான, எந்த மறைப்பும் இல்லாத முகம். ஆகவே அடர்ந்த தாடியோடு ஒரு ஹைதரைப் பார்த்தால், ஓவியர் கேள்விப்பட்டதைக் கொண்டு தன் மனத்தில் இருந்த ஒரு 'கிழக்கத்திய' அரசனை வரைந்திருக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

படத்தின் வலிமையை ஹைதர் அறியாதவர் அல்லர். 1769இல் அவர் சென்னையின் வாசல்வரை வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்குப் பணியவைத்தார். அப்போது புனித ஜார்ஜ் கோட்டை வாசலில் ஒரு கேலிச்சித்திரத்தைத் தொங்கவிடச் செய்தார் என்று அவருடைய பிரெஞ்சு அதிகாரி ஒருவர் எழுதிய வரலாறு சொல்கிறது. அதில் ஹைதரின் முன் ஆங்கிலேய அதிகாரிகள் மண்டியிட்டிருக்கிறார்கள். யானைத் துதிக்கை போல் நீண்டிருக்கும் ஒருவரின் மூக்கை ஹைதர் பிடித்து உலுக்க, அதிலிருந்து பொற்காசுகள் கொட்டுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத, தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கையொப்பமாகப் போடத் தெரிந்த ஒருவருக்குச் சித்திரம் எப்படிப்பட்ட மொழியாக இருந்திருக்கும் என்று இதைப் படிக்கும்போது தோன்றுகிறது.

முகமும் அதிகாரமும் எப்படிப் பிணைந்தவை என்று அறிய ஓர் ஆங்கிலப் பிரபுவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சவுத்தாம்டனின் மூன்றாம் பிரபு ஹென்றி ரையோத்ஸ்லி 1573இல் பிறந்தவர். ஷேக்ஸ்பியர் தம் முதல் இரண்டு நெடுங்கவிதை நூல்களையும், 1593இலும் 1594இலும், இவருக்குத்தான் காணிக்கையாக்கினார். நம் ஊர்ப் புலவர்களைச் சேதுபதிகள் ஆதரித்ததுபோல் கவிஞர்களை ஆதரித்த புரவலர். தம் உருவத்தை எழுதச் சொல்வதில் அவருக்கு அலுப்பே இல்லை. 1594இல் நிக்கலஸ் ஹிலியர்ட் உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியமாக அவரை வரைந்தார். தோளில் விழும் நீண்ட கூந்தல் அதில் இழை இழையாகத் தெரியும். 1601இல் அரசிக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டார். 1603இல் விடுதலையானதும், சிறையில் இருந்த கோலத்தையே ஓவியமாக்கச் செய்தார். அருகில் கறுப்பு வெள்ளைப் பூனை ஒன்று. ஒரு மூலையில் சிறைக் கோபுரத்தின் சின்னப் படம். விலங்கிலும் வெல்லப்படாதவன் என்று பொருள்படும் லத்தீன் வாசகம். தோல்வியைக்கூடத் தமக்குச் சாதகமான படமாக மாற்றிக்கொள்ள அவரால் முடிந்தது, ஏனென்றால் ஓவியருக்குக் கூலி கொடுத்தவர் அவர். ஆனால் அவருக்கும் பெயர்ச்சீட்டு விபத்து நேர்ந்தது. இளம் வயது ஓவியம் ஒன்றை ஒரு சீமாட்டி என்றே காலம் காலமாக நம்பி வந்தார்கள். 2002இல்தான் அது இந்தப் பிரபு என்று அடையாளம் சொன்னார்கள்.

பூதிகோட்டைக் குடும்பம் கூலி கொடுத்து எழுதுவித்த உருவம் எங்கே இருக்கிறது? அதற்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டும்.

கோட்டைக்கு வெளியே தோட்டத்தின் நடுவே தேக்கில் இழைத்த தரியா தௌலத் மாளிகையைத் திப்பு 1784இல் கட்டிமுடித்தார். அதன் வெளித் தாழ்வாரங்களில் வெயில் படாமல் தட்டி இறக்கியிருப்பார்கள். தட்டியைத் தாண்டி உள்ளே நுழைந்தால் மேற்குச் சுவர் முழுக்க யானை, குதிரை, பீரங்கி, தலைப்பாகை. ஒரு சாண்கூட வெறுமை இல்லை. தாழ்வாரம் குறுகல் என்பதால் பின்னால் தள்ளி நின்று மொத்தமாகப் பார்க்க முடியாது. சுவரை ஒட்டி நடந்துகொண்டே பார்க்கவேண்டும். இந்த ஓவியத்தை அப்படித்தான் பார்க்கவும் வேண்டும். இதில் ஐரோப்பிய முறைப்படி தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் பார்வை கிடையாது. வரிசை வரிசையாக வீரர்கள், ஒரே அச்சில் வார்த்த பக்கவாட்டு முகங்கள், ஒரே தாளத்தில் தூக்கிய குதிரைக் கால்கள். பவனி பார்க்கத் தெருவோரம் நிற்பவனுக்கு ஊர்வலம் எப்படித் தெரியுமோ அப்படி.

சுவரில் நடக்கும் போர் நம் மண்ணில் நடந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள புள்ளலூர். ஆங்கிலேயர் நாக்கில் அது பொல்லிலூர் ஆனது. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அங்கே சுற்றி வளைத்தார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் பெரும்படை உதவிக்கு வந்து சேரவில்லை. வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடித்தது. ஓவியர் இந்தக் கணத்தைச் சுவரில் நிறுத்தியிருக்கிறார். நான்கு பக்கமும் அரணாக நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள், நடுவில் வெடித்துச் சிதறும் வண்டி, பல்லக்கில் காயத்தோடு பெய்லி. அவர் விரல் வாய்க்குப் போயிருக்கிறது. திகைப்பைக் காட்ட விரலை வாயில் வைப்பது நம் ஓவிய மரபு முழுவதற்கும் பொதுவான முத்திரை. ஓவியர் அதை ஓர் ஆங்கிலேயத் தளபதிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு புகைக்கும் ரத்தத்துக்கும் இடையே திப்பு என்ன செய்கிறார்? ஒரு ரோஜாப் பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார்.

இந்த ஒரு கையசைவுக்காகவே அந்தச் சுவரைப் பார்க்கப் போகலாம். பூவை மூக்கருகே பிடித்த அரசன் முகலாய, தக்காணச் சிற்றோவியங்களில் நிறைய உண்டு. அங்கே அவன் தோட்டத்தில் நிற்பான், அல்லது திண்டில் சாய்ந்திருப்பான். பண்பட்டவன், நுகரத் தெரிந்தவன் என்பதற்கு அது அடையாளம். அதைப் போர்க்களத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்த ஓவியரின் துணிச்சல் வியக்கவைக்கிறது. எதிரி விரலைக் கடிக்கிறான், அரசன் பூவை முகர்கிறான். இரண்டு கைகள், இரண்டு முகங்கள்; போரின் முடிவைச் சொல்ல வேறு எதுவும் தேவைப்படவில்லை. அதே சுவரின் பவனிக் காட்சியில் ஹைதர் மழித்த முகத்தோடு இருக்கிறார், திப்புவுக்கு மெல்லிய மீசை. எழுத்தில் பதிவான அந்த விசித்திரமான மழித்த முகமும் சுவரில் இருக்கும் முகமும் ஒத்துப்போகும்போது, இந்த உருவங்களுக்கு அடியில் நேரில் கண்ட ஒருவரின் நினைவு இருக்கிறது என்ற நம்பிக்கை வருகிறது.

நினைவு என்ற சொல் இங்கே அலங்காரம் இல்லை. 1799 முற்றுகைக்கு முன்னரே இந்தச் சுவரோவியம் சிதைக்கப்பட்டது. நகரம் வீழ்ந்த பின் இந்த மாளிகையில் குடியிருந்த கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனை வென்ற அதே வெல்லிங்டன், அதைச் சரிசெய்ய வைத்தார். பிறகு மறுபடியும் வெள்ளையடிக்கப்பட்டது. 1855இல் இங்கே வந்த டல்ஹௌசி பிரபு ஆணையிட, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த உள்ளூர் ஓவியர் ஒருவர் மீண்டும் எழுதினார். புள்ளலூரில் தோற்றவர்கள் தம் தோல்வியின் படத்தை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறார்கள். அதே காட்சி காகிதத்திலும் உண்டு: பத்துத் தாள்களை ஒட்டிய, ஏறத்தாழ 32 அடி நீளப் படம். 2022 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் அது 6,30,000 பவுண்டுக்குப் போனது. சுவரில் இரு முறை அழிந்து பிழைத்த காட்சியைக் காகிதத்திலும் பார்க்க முடிவது ரசிகனுக்குக் கிடைத்த பேறு.

மைசூர் அரசவையிலிருந்து புறப்பட்ட ஒருவரை ஐரோப்பாவின் முதல்தர ஓவியர் ஒருவர் நேருக்கு நேர் நின்று வரைந்த கதையும் இருக்கிறது. 1787இல் திப்பு பிரான்ஸுக்கு மூன்று தூதர்களைப் புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏற்றினார். முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான். 1788 ஆகஸ்டில் அவர்கள் வெர்சாயில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். பாரிஸ் அவர்களைக் காணக் கூடியது. அரசி மாரி அந்துவானெத்தின் ஓவியரான எலிசபெத் விஜே லெ ப்ரன் அவர்களைக் கண்டதும் வரைய ஆசைப்பட்டார். அரசர் கேட்டால் மட்டுமே சம்மதிப்போம் என்றார்கள் தூதர்கள். அரசரைக் கேட்கவைத்தார் அந்த ஓவியப் பெண்மணி. அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே திரைச்சீலையைக் கொண்டுபோனார். கையில் பன்னீர் ஊற்றி வரவேற்றார்கள் என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அப்படிப் பிறந்ததுதான் தர்வேஷ் கானின் முழு உருவ ஓவியம். ஏழடிக்கும் மேல் உயரம். பொன் பூக்கள் தூவிய வெள்ளை மஸ்லின் அங்கி தரைவரை இறங்குகிறது. மஸ்லினை எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடர்த்தி கூடினால் பருத்தித் துணி காடாத் துணியாகிவிடும், குறைந்தால் புகையாகிவிடும். இங்கே துணியின் மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு மங்கலாகத் தெரிகிறது. கை ஆயுதத்தின் பிடியில். முகத்தில் பணிவு இல்லை, பயமும் இல்லை; அந்நிய நாட்டில் தன் அரசனின் கௌரவம் முழுவதையும் தாங்கி நிற்பவனின் விறைப்பு இருக்கிறது. வேடிக்கைப் பொருளாக ஊரே பார்த்த ஒருவரை, உலகத்தின் எந்த அரசவைத் தூதருக்கும் தரும் மரியாதையோடு அவர் வரைந்தார். வண்ணம் காயக் காத்திருந்தபோது தர்வேஷ் கான் ஓவியத்தைத் தன் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். பணியாளைக் கொண்டுதான் ஓவியர் அதை மீட்டார். 1789இல் பாரிஸ் கலைக் கண்காட்சியில் அது தொங்கியபோது வெளியே பிரெஞ்சுப் புரட்சி மூண்டிருந்தது. 2019 ஜனவரியில் நியூயார்க்கில் அது 70 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. பூதிகோட்டையில் தொடங்கிய கதை ஈன்ற மிகச் சிறந்த எண்ணெய் வண்ண உருவம் அரசனுடையதாக இல்லாமல் அவனுடைய தூதனுடையதாக அமைந்தது விதியின் விளையாட்டு.

1792இல் படங்களின் தொனி மாறுகிறது. மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். பணம் செலுத்தும்வரை பிணையாக அப்துல் காலிக், முய்சுத்தீன் என்ற தம் இரு சிறு மகன்களை ஒப்படைத்தார். கார்ன்வாலிஸ் பிரபு அந்தக் குழந்தைகளைக் கைப்பிடித்து வரவேற்கும் காட்சி லண்டனில் பெரும் பரபரப்பாயிற்று. இந்தியாவுக்கே வராத மேதர் பிரவுன் அங்கிருந்தபடியே வரைந்தார். ராபர்ட் ஹோம் மட்டும் அந்தப் பாளையத்தில் நேரில் இருந்தவர். அவர் வரைந்த பெரிய ஓவியத்தில் யானைகளுக்கும் கூடாரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே, கையில் சித்திரத் தாள்கட்டோடு தம்மையும் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார். நான் பார்த்தேன் என்று ஓவியர் போடும் சாட்சிக் கையெழுத்து அது. அதே ஆண்டில் கார்ன்வாலிஸின் பாரசீக மொழிச் செயலாளர் ஜார்ஜ் ஃபிரடெரிக் செர்ரியும் திப்புவை வரைந்தார். தொழில்முறை ஓவியர் அல்லாத ஒருவரின் அடக்கமான வேலை அது. பின்னாளில் வந்த வீரசாகசப் படங்களின் பக்கத்தில் வைத்தால் அந்த அடக்கத்தின் மதிப்பு கூடுகிறது.

பிறகு 1799 மே 4. அன்று இரவு, தண்ணீர் வாயிலின் பிணக்குவியலில் தீவட்டி வெளிச்சத்தில் திப்புவைத் தேடிக் கண்டெடுத்தவர்களில் மேஜர் அலெக்சாந்தர் ஆலன் ஒருவர். அவர் விட்டுச்சென்ற வர்ணனை சொற்களால் ஆன உருவப்படம். குள்ளம், பருத்த உடல், உயர்ந்த தோள், தடித்த குட்டைக் கழுத்து. ஆனால் கையும் காலும் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியவை. கறுத்த நிறம், பெரிய துருத்திய கண்கள், வில்லாக வளைந்த சிறு புருவம், கூரிய மூக்கு. மெல்லிய வெள்ளைச் சட்டை, பூப்போட்ட சீட்டித் துணியில் தொளதொள என்ற கால்சராய், இடுப்பில் சிவப்புத் துணி, கையில் தாயத்து. தலைப்பாகை எங்கேயோ விழுந்திருந்தது. இவ்வளவு நுட்பமாக ஒரு போர்வீரனால் எப்படிப் பார்க்க முடிந்தது? ஆலன் நிலக்காட்சி ஓவியர். மைசூர் நாட்டுக் காட்சிகளை 1794இல் நூலாக வெளியிட்டவர். கை பழகிய கண் அது. சிறிய கைகால்களைக் கவனித்தது ஓவியனின் கவனம்.

லண்டனுக்கு அந்தக் கவனம் தேவைப்படவில்லை. 1800இல் ராபர்ட் கெர் போர்ட்டர் 120 அடி நீளத்தில் கோட்டை வீழ்ந்த காட்சியை வரைந்து காட்சிக்கு வைத்தார்; கூட்டம் அலைமோதியது. ஹென்றி சிங்கிள்டன் திப்புவின் கடைசிப் போரை நாடகமாக்கினார். இவர்கள் யாரும் காவிரியைக் கண்டதில்லை. இந்த வகையில் உச்சம் டேவிட் வில்கி 1839இல் முடித்த, எடின்பரோவில் உள்ள பேருருவ ஓவியம். அதில் தளபதி டேவிட் பேர்ட் விளக்கொளியில் உயர்ந்து நிற்கிறார். கீழே திப்புவின் உடல்; ஒருவர் நாடி பார்க்கிறார். பேர்டின் காலடியில் ஒரு நிலவறையின் கம்பிகள். அந்தக் கம்பிகளுக்கு ஒரு கதை உண்டு. 1780இல் புள்ளலூரில் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் ஏறத்தாழ நாற்பத்துநான்கு மாதம் கிடந்தவர் இந்தப் பேர்ட். தரியா தௌலத் சுவரில் வெடிக்கும் வண்டியும் வில்கியின் விளக்கும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். பேர்டின் விதவை மனைவி எழுதச் சொன்ன ஓவியம் அது. ரையோத்ஸ்லியின் பூனையைப் போலவே இங்கும் கூலி கொடுத்தவரின் நினைவுதான் ஒளி எங்கே விழவேண்டும் என்று முடிவுசெய்தது.

ஐரிஷ் ஓவியர் தாமஸ் ஹிக்கி இவர்களிடமிருந்து வேறுபட்டவர். கோட்டை வீழ்ந்த கையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வந்து, உயிரோடு இருந்தவர்களை எதிரில் உட்காரவைத்து வரைந்தார். திவான் பூர்ணய்யாவை வரைந்தார். திப்புவின் மகன்களையும் வரைந்தார். தந்தையை இழந்து மாதங்களே ஆன அந்த இளைஞர்களின் உருவங்கள் கல்கத்தா கவர்னர் ஜெனரல் மாளிகைச் சுவருக்குப் போயின. மகன்களை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1806 ஜூலையில் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அவர்களையும் கல்கத்தாவுக்கே கொண்டுபோனார்கள். படங்கள் முன்னே போக, முகங்கள் பின்னே போய்ச் சேர்ந்தன. ஹிக்கி 1824இல் சென்னையில் காலமானார்.

1800இல் இன்னொரு பெண் ஓவியர் வந்தார். சென்னை கவர்னர் கிளைவின் மகள்களுக்கு ஆசிரியையாக இருந்த இத்தாலியரான அன்னா தொனெல்லி. போவிஸ் கோட்டையில் உள்ள அவருடைய நீர்வண்ண ஓவியத்தில் திப்பு புலி அரியணையில் கம்பீரமாக வீற்றிருக்கிறார். அது தீட்டப்பட்டபோது அரசன் இறந்து ஓராண்டாகிவிட்டது. அந்த அரியணையை வெற்றிப்பொருளாகத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கிட்டும் முடிந்துவிட்டது. திப்பு தமக்கு முன் உட்கார்ந்திராத காட்சியை, உடைந்த இருக்கையின் மேல், உயிரில்லாத முகத்தைக் கொண்டு தொனெல்லி மீட்டெடுத்தார். அந்தப் பொன்னொளியில் ஒரு துயரம் தங்கியிருக்கிறது.

திப்பு தம்மைத் தாமே வரைந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. அது காகிதத்தில், எழுத்தில் இருக்கிறது. தந்தைக்கு ஓர் எழுத்து மட்டும் தெரிந்திருந்த வீட்டில் மகன் ஏறத்தாழ 2,000 சுவடிகள் கொண்ட நூலகம் வைத்திருந்தார். பாரசீகம், அரபி, தக்காணி. மறைநூல், கவிதை, வரலாறு, மருத்துவம். போரில் வென்ற ஊர்களிலிருந்து வந்தவையும் அதில் இருந்தன. அவரே எழுதுவித்தவையும் இருந்தன. ஜைனுல் ஆபிதீன் ஷுஸ்தரி எழுதிய படைநடத்தும் முறை பற்றிய நூலும், ஹசன் அலி இஸ்ஸத் இசையைப் பற்றி எழுதிய நூலும் அவர் ஆதரவில் பிறந்தவை. தோல் அட்டைகளின் மேல் முனையில் 'இறைவன் தந்த அரசு' என்றும், கீழே 'இறைவனே போதும்' என்றும் பொருள்படும் முத்திரை வாசகங்கள். சார்லஸ் ஸ்டூவர்ட் 1809இல் இந்த நூலகத்துக்கு ஒரு விளக்க அட்டவணை வெளியிட்டார். சுவடிகள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பிரிந்து போயின.

அவற்றுக்கிடையே அரண்மனைப் பேழை ஒன்றில் கர்னல் கர்க்பேட்ரிக் கண்டெடுத்த சிறு ஏட்டில் திப்பு தம் கையாலேயே 37 கனவுகளை எழுதியிருந்தார். அவர் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது நெருங்கினால் மறைத்துவிடுவாராம். அவருடைய எழுத்தரான முன்ஷிகூட உள்ளே இருப்பதைப் படித்ததில்லை. சீனப் பேரரசர் அனுப்பிய வெள்ளை யானை ஒரு கனவில் வருகிறது. மூன்று வெள்ளித் தட்டுகளில் புதிய பேரீச்சம்பழங்கள் இன்னொன்றில். ஆண் வேடத்தில் வந்தவர் பெண்ணாகத் தெரிவது மற்றொன்றில். மராத்தியரோடு நடந்த போருக்கு அதை நிமித்தமாக எடுத்துக்கொண்டார். எந்த ஓவியருக்கும் உட்காராத ஒரு கோலம் இந்த ஏட்டில் இருக்கிறது: விடியலில் எழுந்து, கண்டது கலைவதற்குள் எழுதிவிடத் துடிக்கும் ஒருவர். அந்தக் கறுத்த முகத்தை இந்தத் தாள்களுக்கு மேல் குனியவைத்துப் பார்த்தால் ஆலன் குறித்த சிறிய கைகளுக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

ஹைதர் 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே பாளையத்தில் இறந்தபோது அவருடைய உடலை முதலில் கோலாருக்குக் கொண்டுவந்து தந்தையின் கல்லறைக் கட்டடத்தில் வைத்தார்கள். பிறகுதான் அது ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தது. பூதிகோட்டையிலிருந்தோ தங்கவயலிலிருந்தோ கிளம்புகிறவர்கள் அதே வழியில் போகலாம். கோலாரில் இறங்கி அந்த மக்பராவைப் பார்த்துவிட்டு, பெங்களூர் தாண்டி, காவிரியைக் கடந்து, பிற்பகல் வெயில் மேற்கே சாயும் நேரத்தில் தரியா தௌலத்துக்குள் நுழைந்தால் நல்லது. தட்டிக்கு உள்ளே, சுவரை ஒட்டி மெதுவாக நடக்கவேண்டும். குதிரைகள், பீரங்கிகள், சிவப்புச் சட்டைகள், வெடிக்கும் வண்டி, வாயில் விரல் வைத்த பெய்லி. மழித்த முகத்தோடு பூதிகோட்டைக்காரர். மெல்லிய மீசையோடு அவர் மகன். விரல்களுக்கிடையே, இன்னும் வாடாமல், அந்த ரோஜா.